எழுந்து நடக்க ஈரலும் வேண்டும்

(கொலன்னாவையில், பாரிசவாத நோயாளரின் குடும்பத்தினருக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாரிசவாதம் வந்து வீடு திரும்பிய ஒருவருடைய கோப்பைத் திறந்து பாருங்கள். மேலே டயக்னோசிஸ் கார்ட் இருக்கும். அதன்கீழ் தலைக்கு எடுத்த சீ.ரீ. ஸ்கேன், இருதயத்துக்கு எடுத்த ஈ.சி.ஜி., சீனி, கொலஸ்ட்ரோல் அறிக்கைகள். எல்லாவற்றுக்கும் அடியில், பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காத வயிற்று ஸ்கேன் ஒன்று. அதில் ஒரு வரி: 'ஈரலில் கொழுப்பு, கிரேட் 2.' வீட்டில் இருப்பவர்கள் இந்த வரியைப் பார்த்ததும் இரண்டில் ஒன்று நடக்கிறது. 'அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று மூடி வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பயந்துபோய், 'அப்பாவுக்கு ஈரல்ல கொழுப்பாம், இவ்வளவு குளிசை போட்டா ஈரல் தாங்காது, கொலஸ்ட்ரோல் குளிசைய நிப்பாட்டிட்டம்' என்று சொல்வார்கள்.

இந்த இரண்டாவது வசனத்துக்காகத்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன். அந்தக் குளிசையை நிறுத்துவது, மறுபடி ஒரு பாரிசவாதத்துக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். ஈரலில் கொழுப்பு இருப்பவருக்குத்தான் அந்தக் குளிசை கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில், இது எவ்வளவு பரவலான விடயம் என்று பார்ப்போம். வெளிநாட்டுக் கணக்கு தேவையில்லை. களனி கங்கைக்கு அப்பால் ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜானக டி சில்வாவும் அவருடைய குழுவினரும் 2007ஆம் ஆண்டில் 35 முதல் 64 வயது வரையான 2985 பேரைப் பரிசோதித்தார்கள். எழுந்தமானமாகத் தெரிவு செய்யப்பட்ட சாதாரண மக்கள் அவர்கள். நோயாளிகளாக வரிசையில் வந்து நின்றவர்கள் அல்லர். மதுவினால் ஈரல் கெட்டிருக்கக்கூடியவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகும், 32.6 வீதமானோருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. மூன்றில் ஒருவர். ஏழு வருடங்கள் கழித்து அதே மக்களை மீண்டும் அழைத்துப் பார்த்தபோது, முதலில் ஈரல் சுத்தமாக இருந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கொழுப்பு படிந்திருந்தது. ராகமைக்கும் கொலன்னாவைக்கும் இடையில் சாப்பாட்டிலோ வேலையிலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது பாரிசவாதம். கொழும்பு மாவட்டத்தில் வளர்ந்தோரிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வின்படி, ஆயிரம் பேரில் ஏறத்தாழ பத்துப் பேர் பாரிசவாதத்துக்கு உள்ளாகியிருந்தார்கள். ஆண்கள் பெண்களைவிட இரண்டு மடங்கு. அவர்களில் பெரும்பாலானோரிடம் காணப்பட்ட முதற் காரணி பிரஷர். புகைத்தல், சீனி வருத்தம் எல்லாம் பின்னால் வருகின்றன. பிரஷர், சீனி, இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, ஈரல் கொழுப்பு இவையெல்லாம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவை. ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேட வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தெற்காசியர்களாகிய நாம் பார்வைக்கு மெலிந்தவர்களாக இருப்போம். வயிற்றுக்குள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கும். ஐரோப்பியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 25க்கு மேல் போனால் எச்சரிக்கை என்றால், நமக்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர். தையற்காரரிடம் இருக்கும் நாடா போதும், தொப்புளின் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். 'எங்கட ஆள் மெலிஞ்சவர், அவருக்கு எப்பிடிக் கொழுப்பு?' என்று கேட்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். ராகமை ஆய்வாளர்கள், மெலிந்த உடலோடு ஈரலில் கொழுப்பு சேர்த்திருந்தவர்களைத் தனியாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சரி, வயிற்றுக்கு வலப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே இருக்கும் ஓர் உறுப்புக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? நாம் சாப்பிட்ட மாவும் சீனியும் செலவாகாமல் மிஞ்சினால், ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அளவு மீறினால் அந்தக் கொழுப்பை இரத்தத்துக்குள் தள்ளுகிறது, ட்ரைகிளிசரைட் ஏறுகிறது. இன்சுலினின் சொல்லை ஈரல் கேட்காமல் போகிறது. இரவெல்லாம் சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் இரத்தத்தில் சீனி கூடுகிறது. மெல்லிய அழற்சி ஒன்று உடல் முழுவதும் பரவுகிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களில் பலவற்றைச் செய்வது ஈரல்தான். உறைந்த இரத்தம் கரைவதைத் தடுக்கும் புரதம் ஒன்று கொழுப்பு ஈரல் உள்ளவரின் இரத்தத்தில் கூடிவிடுகிறது. இவை எல்லாம் சேர்ந்து கழுத்து இரத்தக்குழாயின் சுவரிலும் மூளையின் நுண்ணிய குழாய்களிலும் வேலை காட்டுகின்றன. ஈரல் வலிக்காது. வாயால் சொல்லாது. மூளை சொல்லும்போது கை விழுந்திருக்கும், வாய் கோணியிருக்கும்.

இப்போது பாரிசவாதம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். இங்கே விடை எளிதாக இல்லை. எளிதாக இருப்பதாகக் காட்டி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. சீனாவில் மூளைத்தண்டில் இரத்தம் தடைப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், ஈரல் கொழுப்பு கடுமையாக இருந்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பும் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். தென்கொரியாவின் யொன்செய் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த முடிவோ எதிர்மாறாக இருந்தது: ஈரலில் வெறும் கொழுப்பு மட்டும் இருந்தவர்களின் பாரிசவாதம் சற்றுக் கடுமை குறைந்ததாகவும், தேறுதல் மோசமாகாமலும் இருந்தது. ஆனால் அதே கொரியக் குழு இன்னொன்றையும் கண்டது. ஈரலில் வடு விழுந்தவர்கள், அதாவது கொழுப்பு நீண்டகாலம் தங்கி ஈரல் இறுகத் தொடங்கியவர்கள், பாரிசவாதத்துக்குப் பிந்திய வருடங்களில் கூடுதலாக இறந்தார்கள். கொழுப்பின் அளவு அதைத் தீர்மானிக்கவில்லை, வடுவே தீர்மானித்தது. நியூயோர்க்கில் வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியின் நீல் பாரிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் மூளைக்குள் இரத்தம் கசிந்தவர்களை ஆராய்ந்தபோது, ஈரல் வடுவுக்கான குறியீடு உயர்ந்திருந்தவர்களில் கசிவு பெருகும் சாத்தியம் கூடியிருந்தது. வழக்கமான உறைதற் பரிசோதனைகள் சரியாகத் தோன்றியவர்களிலும் அப்படித்தான்.

எனவே 'கிரேட் 2' என்ற வரியைப் பார்த்துப் பதறுவதைவிட, வடு இருக்கிறதா என்று கேட்பதே பயன் தரும். அதைக் கேட்கப் பெரிய பணம் வேண்டியதில்லை. கிளினிக்கில் வழமையாக எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளே போதும்: எஸ்.ஜி.ஓ.ரி., எஸ்.ஜி.பி.ரி. என்ற இரண்டு ஈரல் நொதிகள், எஃப்.பி.சி. என்ற முழு இரத்தப் பரிசோதனையில் வரும் பிளேட்லெட் எண்ணிக்கை, நோயாளியின் வயது. இந்த நான்கையும் வைத்து ஃபிப்-4 என்ற கணக்கைப் போடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். வயது 62, எஸ்.ஜி.ஓ.ரி. 48. இரண்டையும் பெருக்கினால் 2976. எஸ்.ஜி.பி.ரி. 36, அதன் வர்க்கமூலம் 6. பிளேட்லெட் இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம்; அதை 210 என்று எடுத்துக்கொள்வார்கள். 210ஐ 6ஆல் பெருக்கினால் 1260. 2976ஐ 1260ஆல் வகுத்தால் 2.36. 1.3க்குக் கீழே வந்தால் ஆபத்தான வடு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2.0. 2.67க்கு மேலே வந்தால் ஈரல் வைத்தியரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இடையில் நிற்கும் 2.36 போன்ற எண்ணுக்கு, ஃபைப்ரோஸ்கேன் என்று ஈரலின் இறுக்கத்தை அளக்கும் பரிசோதனை தேவைப்படலாம். ஊசியோ வெட்டோ இல்லாதது அது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாரிசவாதம் வந்த முதல் நாட்களில் எஸ்.ஜி.ஓ.ரி. வேறு காரணங்களாலும் ஏறியிருக்கும். கீழே விழுந்து தசை நசுங்கியிருந்தால் அந்த நொதி தசையிலிருந்தும் வரும். ஆகவே வார்ட்டில் எடுத்த இரத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் கலங்க வேண்டாம். வீடு வந்து உடல் ஓரளவு அடங்கிய பிறகு, கிளினிக்கில் எடுக்கும் பரிசோதனையை வைத்துக் கேளுங்கள்.

இனி அந்தக் குளிசை. ஸ்டட்டின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் அதிகம் கொடுப்பது அட்டோர்வாஸ்டட்டின். இரத்தக்குழாய் அடைத்து வந்த பாரிசவாதத்துக்குப் பின்னர் இதை ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்கு 2006இல் வெளிவந்த ஸ்பார்க்கல் என்ற ஆய்வு ஒரு முக்கியமான சான்று. பாரிசவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 4731 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்த மருந்தும், மற்றவர்களுக்கு வெறும் போலிக் குளிசையும் கொடுத்து ஏறக்குறைய ஐந்து வருடங்கள் கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மறுபடி பாரிசவாதம் வருவது குறைந்தது.

'அது சரி, ஈரல்?' என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை சொன்னவர்கள் கிரேக்க நாட்டு வைத்தியர்கள். இருதய நோயாளர்களிடம் நடத்திய கிரியேஸ் என்ற ஆய்வின் தரவுகளைத் திரும்ப எடுத்து, ஈரல் நொதிகள் ஏற்கெனவே மிதமாகக் கூடியிருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அதன் காரணம் கொழுப்பு ஈரலாகவே இருக்க வேண்டும். 2010இல் லான்செற் சஞ்சிகையில் வந்தது அது. அப்படிப்பட்டவர்களில் ஸ்டட்டின் எடுத்த 227 பேரில் 10 வீதமானோருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ போன்ற நிகழ்வு வந்தது. எடுக்காத 210 பேரில் 30 வீதமானோருக்கு வந்தது. ஈரலுக்கு என்ன ஆனது? மருந்து எடுத்தவர்களின் ஈரல் நொதிகள் இறங்கின. எடுக்காதவர்களில் இன்னும் ஏறின. ஈரல் தொடர்பான பக்கவிளைவால் மருந்தை நிறுத்த வேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு.

தாயே, தங்கையே, இதைக் கொஞ்சம் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஈரலில் கொழுப்பு என்பதற்காக நிறுத்தப்படும் அதே குளிசை, ஈரலில் கொழுப்பு உள்ளவர்களுக்குத்தான் கூடுதலான நன்மையைச் செய்தது.

விதிவிலக்குகள் உண்டு. நொதி வழமையான மேலெல்லையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினாலும், கண் மஞ்சளித்தாலும், வயிற்றில் நீர் கோத்தாலும் வைத்தியர் மறுபடி யோசிப்பார். மூளைக்குள் இரத்தம் கசிந்து வந்த பாரிசவாதம் என்றால் ஸ்டட்டினை வைத்தியர்கள் ஆளைப் பார்த்து முடிவு செய்வார்கள். தொடை, தோள் தசைகளில் புதிதாக வலி வந்தால் சொல்ல வேண்டும்; அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். இந்த முடிவுகளை எடுப்பது கிளினிக்கில். சமையலறையில் வைத்து எடுக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆங்கில மருந்தை நிறுத்துகிற வீட்டிலேயே, 'ஈரலைச் சுத்தம் செய்யும்' கஷாயம் என்று ஒன்று அடுப்பில் ஏறுகிறது. நம் வைத்திய மரபின்மீது எனக்கு மதிப்பு உண்டு. கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் நோய் எதிர்ப்புக்கு என்று கொரோனா காலத்தில் மும்பையில் சீந்திலை நாள்தோறும் எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் கடுமையாக வீங்கியதை அங்குள்ள வைத்தியர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். சிங்களத்தில் ரசகிந்த என்று சொல்லும் அதே கொடிதான். அஸ்பிரினோ குளோபிடோகிரலோ வார்பரினோ எடுக்கும் பாரிசவாத நோயாளிக்கு, தெரியாத ஒரு மூலிகை இரத்தக் கசிவையும் கொண்டுவரலாம். எதை அவித்துக் கொடுக்கிறீர்கள் என்று வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

அடுத்து நான் மிகவும் கவலைப்படும் விடயம், பட்டினி. 'கொழுப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நோயாளிக்கு முட்டை நிற்கிறது, மீன் நிற்கிறது, காலையும் இரவும் கஞ்சி அல்லது இரண்டு துண்டுப் பாணும் பால் தேத்தண்ணியும் மட்டும் வருகிறது. இரண்டு மாதத்தில் கால் மெலிந்து எலும்பு தெரிகிறது. 'கொழுப்பு குறைஞ்சிட்டுது' என்று வீட்டார் நினைக்கிறார்கள். குறைந்தது தசை. பாரிசவாதம் வந்த பக்கம் படுத்த முதல் வாரங்களிலேயே தசையை இழக்கத் தொடங்குகிறது. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அந்தச் சீனி எங்கே போகும்? ஈரலுக்குத்தான். இப்படியாக, ஈரலைக் காப்பாற்றுவதாக நினைத்துப் போட்ட பட்டினி ஈரலில் இன்னும் கொழுப்பைச் சேர்க்கிறது. நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய காலையும் பறிக்கிறது. என்னைப் பொறுத்தவரை கொழுப்பு ஈரலும் பாரிசவாதத் தேறுதலும் சந்திக்கும் மிக முக்கியமான இடம் இந்தத் தசையே.

ஆகவே மீன் கொடுங்கள். சாளை, நெத்தலி, சூரை எதுவானாலும் பொரிக்காமல் குழம்பாக, அவியலாக. வைத்தியர் வேறு காரணத்துக்காகத் தடுக்காவிட்டால் நாளுக்கு ஒரு முட்டையால் ஈரல் கெடாது. பயறு, கௌபி, கடலை, பருப்பு, கீரை, வல்லாரைச் சம்பல். சோற்றுக் கோப்பையின் அளவைக் குறைத்துக் கறிகளின் அளவைக் கூட்டுங்கள். விழுங்கும்போது இருமல் வருகிறவருக்கு முதலில் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரிடம் காட்டி, எந்தப் பதத்தில் கொடுப்பது என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சாப்பாடு சுவாசப்பைக்குள் போய் நிமோனியாவாகும்.

நிறுத்த வேண்டியது சீனித் தண்ணீரை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் கொண்டுவருவது பெரும்பாலும் சோடாப் போத்தலும் கோடியல் போத்தலும். நம் நாட்டில் 2016 ஓகஸ்டிலிருந்து இனிப்புப் பானங்களில் சீனியின் அளவுக்கேற்ப நிறக் குறி போட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்து வாங்காமல் விடலாம். பானத்திலுள்ள சீனியின் ஒரு பாதி பிரக்டோஸ். அதைக் கையாளும் வேலை பெரும்பாலும் ஈரலின் தலையிலேயே விழுகிறது. மதுவைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம்: கொழுப்பு ஈரலும் பாரிசவாதமும் உள்ளவருக்குச் சாராயமோ பியரோ ஒரு துளியும் கூடாது.

நிறை குறைப்பு பற்றிக் கேட்பீர்கள். உடல் நிறையில் 5 வீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 10 வீதம் குறைந்தவர்களில் வடுவும் மெலிந்ததைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. இது நல்ல செய்திதான். ஆனால் பாரிசவாதம் வந்த முதல் மாதங்களில் அவசரப்பட்டு நிறையைக் குறைக்கப் போகாதீர்கள். முதலில் தசை, பிறகு தராசு. நிறை குறையாவிட்டாலும் உடற்பயிற்சியினால் மட்டும் ஈரல் கொழுப்பு குறையும் என்பது நிறுவப்பட்ட உண்மை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கொழுப்பு ஈரலுக்கென்றே ரெஸ்மெட்டிரோம் என்ற முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை.

'இந்த ஒழுங்கைக்குள்ள எங்க ஐயா நடக்கிறது?' என்று கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒழுங்கை குறுகல், முச்சக்கர வண்டி உரசிக்கொண்டு போகும், மழைக்கு வழுக்கும். அதனால் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கையுள்ள பலமான கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். நோயாளி கதிரையின் விளிம்புக்கு வந்து உட்கார வேண்டும். பாதங்கள் இரண்டும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், தரையில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். இழந்த பக்கப் பாதம் நழுவாமல் உங்கள் பாதத்தால் அணை கொடுங்கள். மூக்கு பெருவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சரிந்து, எழுந்து நின்று, மெதுவாக உட்கார வேண்டும். விழுவதுபோல் உட்காரக் கூடாது. அந்த மெதுவில்தான் தொடைத் தசை வேலை செய்கிறது. பலமான பக்கத்தில் மட்டும் பாரத்தைப் போட்டு எழும்புவார்கள். இடுப்பைப் பிடித்து மற்றப் பக்கத்துக்கும் பாரம் வரச் செய்யுங்கள். ஐந்து தரத்தில் தொடங்கி, பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி கூட்டுங்கள். பிரஷர் கட்டுப்பாட்டுக்கு வந்து, வைத்தியர் எழும்பலாம் என்று சொன்ன பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும்.

செய்ய மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கும் மருத்துவம் உண்டு. கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஊருக்கே உரிய ஒரு விடயம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது இந்தப் பகுதியில் வீடுகளோடு கிளினிக் கொப்பிகளும் மருந்துகளும் போயின. கொப்பி போனால் எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். டயக்னோசிஸ் கார்ட்டையும், கடைசியாக எழுதிய மருந்துப் பக்கத்தையும், அந்த வயிற்று ஸ்கேனையும் இன்றிரவே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். மீண்டும் முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ முச்சக்கர வண்டி தேடாமல் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். அறிகுறி தொடங்கிய நேரத்தை ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நோயாளியோடு ஒரே சட்டியில் சாப்பிடுகிற மற்றவர்கள். 35 வயதைத் தாண்டிய பிள்ளைகள் சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போய் பிரஷர், சீனி, இடுப்பளவு பார்த்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகிற பிள்ளைகள், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தள்ளிப்போடுவார்கள். ராகமையில் கொழுப்பு காணப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு வலியும் இருந்ததில்லை.

என் பேச்சு இவ்வளவுதான். கிளினிக் கொப்பியும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் கொண்டு வந்தவர்கள், கூட்டம் கலைந்த பிறகு ஒவ்வொருவராக மேசைக்கு வாருங்கள். அந்த ஃபிப்-4 கணக்கைச் சேர்ந்து போட்டு, எண்ணைக் கொப்பியின் ஓரத்தில் எழுதித் தருகிறேன். அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள். கொலஸ்ட்ரோல் குளிசையை ஏற்கெனவே நிறுத்தியவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் வரட்டும்.